ஐஸில் சீரகம்

மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் தலைமேல் ஒரு மாடி. சுள்ளிக்கலில் ஓட்டு வீடு, அதன் பின்னால் உப்புக் கரிக்காத கிணறு. நானே மண் குழைத்துப் போட்ட அடுப்பு ஒன்று. கண்ணில் புகை படாமல் அத்தனை பேருக்கும் சோறு வடித்தது அது. எர்ணாகுளத்து ஹோட்டல்காரர்கள் போட் ஏறி வந்து அதைப் பார்த்துவிட்டுப் போய், தங்கள் கடையில் கட்டிப் பார்த்து, இருமினார்கள். இரண்டு பெண்களுக்குக் கல்யாணம். ஒரு பையனுக்குக் காலேஜ். இவ்வளவும், மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போதும் என்று சொன்ன ஒருவன் கட்டியது. பள்ளிக்கூடமும் அதையேதான் சொன்னது, அதை நான் மறைக்கவில்லை.

தமிழனை இங்கே பாண்டிக்காரன் என்பார்கள்; பாண்டிக்காரன் கடை ஒரு எடவப்பாதிப் பருவமழைக்குத் தாங்காது என்று அன்றைக்குப் பேசியவர்கள் உண்டு. மழை வந்தது. கடை தாங்கியது. பேசியவர்கள் நனையாமல் இருக்க என் கடைக்குள்தான் ஒதுங்கினார்கள். ஆளுக்கொரு சாயா குடித்துவிட்டு, அடுத்த மழையைப் பார்க்கலாம் என்றார்கள்.

ஆனால் கட்டியதிலெல்லாம் பெரிது எது என்று கேட்டால் நான் கடையையோ மாடியையோ காட்டமாட்டேன். ஒரு செம்பு அண்டாவைக் காட்டுவேன். அடியில் பித்தளைக் குழாய் வைத்த அண்டா. அதில்தான் என் கடையின் குடிதண்ணீர். இங்கே தண்ணீரை வெள்ளம் என்பார்கள். சாப்பாட்டுக் கடையில் சீரக வெள்ளம் வைப்பது ஊர் வழக்கம். ஆனால் அந்த வழக்கத்தின் உள்விவரம் சமையல்கட்டுக்குள் நின்றவனுக்குத்தான் தெரியும். கொதித்த வெள்ளம் பாதி. அதைச் சீக்கிரம் ஆறவைக்க ஊற்றும் பச்சைத் தண்ணீர் பாதி. குடிப்பவன் வெதுவெதுப்பைப் பார்த்துத் திருப்திப்படுவான். என் கடையில் அது கிடையாது. ராத்திரி முழுவதும் ஆறியதுதான் காலையில் குழாயில் வரும். நான் போட்ட சட்டம் இது: அடுக்களையில் பச்சைத் தண்ணீர் நிற்கக் கூடாது. எந்தப் பாத்திரத்தில் தண்ணீரைக் கண்டாலும் முதலில் கொதிக்க வை, சீரகத்தைப் போடு. அது யாருடைய தண்ணீர் என்பதைப் பிறகு கேள்.

இந்தச் சட்டம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

எழுபதுகளின் கடைசி. சித்திரை வெயில். பஜாரில் மிளகு மூட்டையும் சுக்கு மூட்டையும் சுமக்கிறவர்கள் பெரும்பாலும் மத்தியானம் என் கடையில்தான் சாப்பிடுவார்கள். சாப்பிட்டுக் கைகழுவி வெளியே வந்தால் கடைப் படியில் ஒரு சர்பத்காரர். மலையாளி, என்னைவிட மூத்தவர், சேட்டன் என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் படியில் அவருக்கு இடம் கொடுத்தது நான். சாப்பிட்டவனுக்கு ஒரு நன்னாரி சர்பத் கிடைத்தால் மறுநாளும் இந்தப் பக்கம்தானே வருவான் என்ற கணக்கு. எலுமிச்சை பிழிந்து, நன்னாரி ஊற்றி, மரச்சுத்தியலால் ஐஸைத் தட்டிப் போட்டுக் கொடுப்பார். அந்தச் சத்தம் கேட்டாலே பாதித் தாகம் தீரும்.

அந்தச் சித்திரையில் மூட்டை சுமக்கிற சுமட்டுக்காரர்களுக்கு ஒவ்வொருவராக வயிறு கெட்டது. முதலில் வெயில் என்றார்கள். பிறகு மாம்பழம் என்றார்கள். பிறகு என் கடை என்றார்கள். மூன்றாவது காரணம் கிடைத்ததும் நான்காவதை யாரும் தேடவில்லை.

என் கடையில் மூன்று தடவை சோறு வாங்கி, நான்காவதற்குச் சமையல்கட்டை எட்டிப் பார்க்கிற ஒருவர் இருந்தார். இரண்டு ஆள் மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குகிறவர். அவரைக் கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். மறுநாள் அவருடைய மனைவி வந்து கல்லாவுக்கு முன்னால் நின்றாள். சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சண்டைக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"அண்ணாச்சி, ஆளு கஞ்சிவெள்ளம்கூட இறக்குறதில்ல. உண்டது முழுக்க இங்கதான். எந்து கொடுத்தீங்கன்னு மட்டும் சொன்னா, டாக்டர்கிட்ட பறயலாம்."

சாம்பார் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அவள் அதை டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் சுகாதார ஆபீஸுக்குச் சொன்னார்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார். வெள்ளைச் சட்டை, பேனா, கர்ச்சீப். அடுப்பைப் பார்த்தார், அம்மியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். குறை சொல்ல எதுவும் கிடைக்காதது அவருக்கு வருத்தமாக இருந்ததை நான் கவனித்தேன். அண்டாவிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்து நீட்டினேன். விசாரணையில் இருக்கிற கடையில் எதுவும் குடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, படியில் இறங்கி ஒரு சர்பத் குடித்தார். அடுத்த பரிசோதனைக்குள் காரணம் தெரியாவிட்டால் அடுக்களையைப் பூட்டி முத்திரை வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். கட்டியது எல்லாம் அந்த அடுக்களைக்கு மேலேதான் நிற்கிறது. அது பூட்டினால் மாடியும் வீடும் காலேஜும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டும்.

நான் மூன்றாம் வகுப்புதான்; ஆனால் யோசிக்கிற வகுப்பு எனக்குத் தனியாக இருந்தது. அதே சாம்பாரைத்தான் என் வீட்டிலும் சாப்பிட்டோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாப்பிட்ட அவர்களுக்கும் சாப்பிட்ட எங்களுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே தோப்பும்படி ஹார்பருக்கு மீன் வாங்கப் போனேன். அங்கே பதில், சாக்குமூட்டையில் கட்டி வைத்திருந்தது.

ஏலம் முடிந்து மீனை எடுத்துவிட்டால் பெட்டியில் ஐஸ் மிஞ்சும். செதிலும் மீன் ரத்தமும் ஒட்டின ஐஸ். அதை ஒருவன் மண்வெட்டியால் அள்ளிப் பழைய மிளகுச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான். சாக்கின் ஒரு பக்கம் கிழிந்து, கயிற்றால் கோணலாகத் தைத்திருந்தது. அந்தத் தையலை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டே வந்தேன். மத்தியானம் என் கடைப் படியில் பார்த்தேன். மரத்தூளுக்கு நடுவில், அதே சாக்கு, அதே தையல்.

சேட்டனைத் தனியாகக் கூப்பிட்டு, இது மீன் ஐஸ் அல்லவா என்று கேட்டேன். மறைக்கவில்லை மனிதர். மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல என்னைப் பார்த்தார்.

"கழுகி எடுத்ததாக்கும் அண்ணாச்சி. மூணு வெள்ளம் மாத்திக் கழுகும். பின்ன, இந்தத் தணுப்புல எந்தக் கிருமி பொழைக்கும்? கையில பிடிச்சா நமக்கே பல்லு கிட்டுது."

சீசனில் ஐஸ் ஃபாக்டரியின் கட்டியெல்லாம் மீனுக்கே போகிறது, சர்பத்காரனுக்குக் கால் கட்டி கொடுக்க ஆளில்லை என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அவரே தினமும் இரண்டு கிளாஸ் குடித்தார். அவருக்கு ஒன்றும் ஆகவும் இல்லை. அவர் வயிறு எத்தனையோ வருஷமாக அந்த ஐஸோடு பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்திருந்தது.

படியைவிட்டு அவரை இறக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இறக்கினால் என்ன பேசுவார்கள்? தன் கடையைக் காப்பாற்ற ஏழை சர்பத்காரன் தலையில் பழியைப் போட்டான் பாண்டி என்பார்கள். இதை நான் சொல்லக் கூடாது. ஆபீஸ் சொல்ல வேண்டும். ஆகவே ஆபீஸுக்குப் போனேன். தன்மேல் விசாரணை நடக்கும்போது, தானே வலியப் போய்ப் புகார் கொடுத்த ஹோட்டல்காரன் பஜாரில் எனக்கு முன்னால் யாருமில்லை. பின்னால் வந்தவர்களும், என் கதையைக் கேட்டபின் குறைவு.

மலையாளம் எனக்குச் சரளமாகப் பேச வரும், எழுத்து வராது. பண்டகசாலைக் கணக்கப்பிள்ளை ஒருவரிடம் சொல்லி எழுதி வாங்கிக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் வாசித்தார். மடித்து வைத்தார். கையை நீட்டினார்.

"எல்லாம் சரி. ஐஸ் எவிடே?"

அடுத்த நாள் ஐஸோடு போனேன். டிபன் கேரியரின் பெரிய அடுக்கில் சேட்டனின் சாக்கிலிருந்து எடுத்த ஐஸை வைத்து, மரத்தூளில் புதைத்து, சாக்கால் சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் ஒரு கூட்டத்தில் இருந்தார். கூட்டம் எதைப் பற்றி என்று பியூனைக் கேட்டேன். கோடைக்கால நோய்த் தடுப்பு என்றார். நோய்த் தடுப்பு முடிந்து அவர் வெளியே வந்தபோது நான் கேரியரைத் திறந்தேன். உள்ளே தண்ணீர் இருந்தது.

இது வெள்ளம், புகார் ஐஸ்மேல் அல்லவா என்றார். சற்று முன்பு வரை ஐஸாகத்தான் இருந்தது என்றேன். அவர் அதைச் சட்டப்படி யோசித்தார். உருகின ஐஸை எடுத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனசு வைத்துத் தீர்மானித்தார். ஆனால் பாட்டிலுக்கு அரக்கு வைத்து முத்திரையிட வேண்டும். ஆபீஸில் அரக்கு தீர்ந்துபோயிருந்தது. பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கொடுத்து, வெள்ளத்தை இதில் ஊற்றி நாளைக் காலையில் கொண்டுவரச் சொன்னார். நான் கடைக்குத் திரும்பி, கேரியரையும் பாட்டிலையும் அடுக்களையில் பத்திரமாக வைத்து, இதில் ஊற்றிக் காலையில் கொண்டுபோக வேண்டும் என்று அடுக்களையைப் பார்க்கிற என் வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனேன்.

மறுநாள் நான் குளித்துவிட்டு வருவதற்குள், என் வீட்டுக்காரி பாட்டிலை நிரப்பித் தக்கையும் வைத்துத் தயாராக வைத்திருந்தாள். கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் என் கண் முன்னாலேயே அரக்கு உருக்கி முத்திரை வைத்தார். லேபிளில் 'ஐஸ், சர்பத்துக்கு உபயோகிப்பது' என்று எழுதினார். பாட்டில் சோதனைக்குப் போனது. பாதி பாரம் இறங்கினதுபோல இருந்தது எனக்கு.

ரிப்போர்ட் வந்ததும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இந்தத் தடவை உட்காரச் சொன்னார். அதுவே நல்ல சகுனமில்லை. காகிதத்தை எடுத்து, மலையாளத்தில் வாசித்து, எனக்காக மெனக்கெட்டுத் தமிழிலும் சொன்னார்.

"குடிக்கறதுக்கு ரொம்ப நல்லதாம். அசுத்தம் ஒண்ணும் இல்ல. பின்ன, சீரகம் உண்டாம்." காகிதத்தைக் கீழே வைத்தார். "அண்ணாச்சி, இந்த ஐஸ் ஃபாக்டரி எங்க இருக்கு? எனக்கும் கொஞ்சம் வாங்கணும். வீட்டுக்காரிக்கு வாயுத் தொல்லை."

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். நான் எழுந்து வந்தேன்.

என் வீட்டுக்காரி பாலக்காட்டுப் பக்கம். தமிழும் மலையாளமும் அவளுக்கு ஒரே பாத்திரத்தில் வேகும். கேரியரில் இருந்த தண்ணீரை என்ன செய்தாய் என்று கேட்டேன். அவள் இட்லித் துணியைப் பிழிந்து உதறிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"எந்து செய்யும்? திளப்பிச்சேன். சீரகம் போட்டேன். வடிகட்டி ஆறவெச்சு பாட்டில்ல ஊத்தினேன். அடுக்களையில பச்சவெள்ளம் இருக்கப்படாதுன்னு நீங்கதான்னே பறஞ்சது? அதுல ஒரு மீன் வாடைவேற. ஒரு பிடி கூடுதலாவே போட்டேன்."

நாட்டில் எத்தனையோ சட்டம் இருக்கிறது. ஒன்றையும் யாரும் மதிப்பதில்லை. நான் போட்ட ஒரே சட்டத்தை ஒருத்தி இம்மி பிசகாமல் மதித்திருக்கிறாள். அவளை எதற்காகக் கோபித்துக்கொள்வது?

நேரே ஆபீஸுக்குத் திரும்பிப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சொல்லிவிட்டு, படித்தவர்கள் யாருக்கும் தோன்றாத ஒன்றைக் கேட்டேன். சார், அப்படியானால் நீங்கள் சோதித்தது என் அடுக்களையில் காய்ச்சின வெள்ளம். மீன் ஐஸையே குடிக்க ஏற்றதாக ஆக்கிவிட்டது என் அடுப்பு. அதை உங்கள் ரிப்போர்ட்டே சொல்கிறது. பிறகு என் அடுக்களையை எதற்குப் பூட்ட வேண்டும்?

அவர் ரிப்போர்ட்டை எடுத்து மறுபடியும் வாசித்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்தது என்று இன்றும் அடித்துச் சொல்வேன்.

"லேபிள்ல ஐஸ்னுதான் இருக்கு. ரிப்போர்ட் ஐஸுக்குள்ளதாக்கும். ஹோட்டல் வெள்ளத்துக்கு ரிப்போர்ட் வேணும்னா வேற அப்ளிக்கேஷன்."

ஆக, சர்க்கார் கணக்கில் மட்டாஞ்சேரியில் விற்கிற ஐஸ், சீரகம் போட்டுக் காய்ச்சி உறையவைத்த ஐஸ். அதை யாரும் இதுவரை திருத்தினதாகத் தெரியவில்லை. என் கணக்கிலோ புதிதாக ஒரு குற்றம் சேர்ந்தது: பொய்ப் புகார். பழியை அடுத்தவன்மேல் தள்ளப் பார்த்தான் பாண்டி என்று பஜாரில் பேச்சு கிளம்பியது. யார் சொல்வார்கள் என்று பயந்தேனோ அவர்களே சொன்னார்கள். சேட்டன் மட்டும் என்மேல் வருத்தப்படவில்லை. தன் ஐஸ் நல்ல ஐஸ் என்று சர்க்காரையே சொல்லவைத்துவிட்டேன் என்று எனக்கு ஒரு சர்பத் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், சாக்கடையில் ஊற்றினேன்.

பூட்டு வந்த நாள். உச்சி வெயில். இன்ஸ்பெக்டரும், பூட்டைக் கையில் பிடித்த பியூனும். பஜார் முழுக்க என் வாசலில் நின்றது. சாப்பிட வராதவர்கள் எல்லோரும் பார்க்க வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்தார். அண்டாக் குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் பிடித்து நீட்டினேன். என் கையைப் பார்க்காமலே படிக்கு இறங்கி, சேட்டனிடம் இரண்டு விரலைக் காட்டினார். ஒன்று அவருக்கு, ஒன்று பியூனுக்கு. சுத்தியல் ஐஸைத் தட்ட ஆரம்பித்தது.

இந்த இடத்தில் வேறு ஒருவனாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பான். கண் முன்னால் பழம் நழுவிப் பாலில் விழப்போகிறது. எதற்குத் தடுக்க வேண்டும்? ஆனால் நான் சோறு போடுகிறவன். என் படியில் ஒருவர் வயிற்றுக்கு ஆகாததை வாயில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு மனசு வரவில்லை. பஜார் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"சார், என் கடையைப் பூட்டிக்கோங்க. அதை மட்டும் குடிக்காதீங்க. அது மீன் ஐஸ்."

"சீரகம் போட்டதுதானே அண்ணாச்சி? வயித்துக்கு நல்லது."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் குடித்தார். ருசித்து, பியூனுடையதிலும் பாதியை வாங்கிக் குடித்தார். அடுக்களையைப் பூட்டி அரக்கு வைத்தார். அன்றைக்கு அரக்கு தட்டுப்பாடில்லாமல் இருந்தது.

அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை. ஆபீஸில் கேட்டால் லீவு என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்தேன். மூட்டை தூக்குகிறவர் படுத்திருந்த அதே வார்டு, அடுத்த கட்டில். மூட்டைக்காரர் தேறி உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் கிடப்பவர் எங்கே சாப்பிட்டார் என்று அவர் கேட்டிருக்கிறார். அந்த ஹோட்டலில் ஒரு வாய் வெள்ளம்கூடக் குடிக்கவில்லை, வெளியே ஒரு சர்பத் மட்டும்தான் என்று இன்ஸ்பெக்டர் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்கும். எத்தனை பாட்டில், எத்தனை அரக்கு! கடைசியில் எந்தச் சோதனைச்சாலையும் சொல்லாததை ஒரு அதிகாரியின் குடல் சொன்னது. அதற்கு லேபிளும் தேவைப்படவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த இன்ஸ்பெக்டர் கர்ச்சீப்பைவிட வெளுத்திருந்தார். நேரே படிக்கு வந்து அந்தச் சாக்கைக் கவிழ்க்கச் சொன்னார். மரத்தூளோடு செதில்களும் வெயிலில் மின்னின. இந்த முறை ஐஸ் உருகாமல் இருக்க ஐஸ் பெட்டியும், கையில் அரக்குமாக வந்திருந்தார். ரிப்போர்ட் நான் சொன்னதைச் சொன்னது. சீரகத்தைப் பற்றி அதில் பேச்சே இல்லை. மிஞ்சின மீன் ஐஸை ஹார்பர் வாசலைத் தாண்டி எடுத்துப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. என் பூட்டு திறந்தது. வருத்தம் தெரிவித்தாரா என்று கேட்காதீர்கள். அண்டாவிலிருந்து தானே ஒரு கிளாஸ் பிடித்துக் குடித்தார். நான் அதை வருத்தமாகக் கணக்கு வைத்துக்கொண்டேன்.

கடை திறந்த அன்று பந்தியில் யாரும் உட்காரவில்லை. வாசலிலேயே நின்றார்கள். மூட்டைக்காரர் வந்தார். இளைத்துப் பாதி ஆளாகியிருந்தார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி. அவர் யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து, குழாயைத் திறந்து, ஒரு செம்பு நிறையப் பிடித்து, எல்லோரும் பார்க்க நின்றபடி குடித்தார். குடித்துவிட்டு இலை போடச் சொன்னார். அவர் மனைவி கல்லாவுக்கு வந்து, "சாம்பார் எனக்கும் கொஞ்சம்" என்றாள். அன்றைக்குச் சோறு இரண்டாம் தடவை வடிக்க வேண்டியதாயிற்று.

சேட்டனை நான் படியிலிருந்து இறக்கவில்லை. ஐஸ் இல்லாமல் என்ன விற்பது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றவருக்கு, என் அண்டா வெள்ளத்தை மண்பானையில் ஊற்றிக் குளிரவைத்துக்கொள்ளச் சொன்னேன். சீரக வாசனையோடு நன்னாரி. முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு வரிசையில் நின்றார்கள். அது தன் பாட்டன் காலத்துக் கைப்பக்குவம் என்று சேட்டன் சொல்லிக்கொண்டார். நான் வாய் திறக்கவில்லை.

வாய் திறந்திருக்க வேண்டும். அங்கேதான் விட்டேன்.

வியாபாரிகள் சங்கம் இன்ஸ்பெக்டருக்குப் பாராட்டு விழா வைத்தது. பொன்னாடை போர்த்தினார்கள். அவர் தன் உடல்நலத்தையும் பொருட்படுத்தாமல் நேரடிப் பரிசோதனை நடத்தி உண்மையைக் கண்டறிந்தார் என்று ஒருவர் பேசினார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதால் நானும் கை தட்டினேன். விழாவுக்குச் சாயாவும் பருப்புவடையும் என் கடையிலிருந்துதான் போயின. நன்றியுரையில் வடைக்கு நன்றி சொன்னார்கள்.

இப்போது அந்தச் சங்கம் ஒரு மலர் போட்டிருக்கிறது. மருமகள்தான் வாசித்துக் காட்டினாள். பஜாரின் பழைய காலம், பண்டகசாலைகள், வள்ளங்கள் எல்லாம் இருக்கிறது. மீன் ஐஸ் விவகாரமும் இருக்கிறது: கடமை தவறாத அதிகாரி, அவருக்குத் துணை நின்ற சங்கம், பாரம்பரியச் சீரக சர்பத். ஹோட்டல் என்ற சொல்லே இல்லை. நான் இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் தடவையும் இல்லை. என் வீட்டுக்காரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "சீரகம் இருக்கல்லோ. அது போட்டது ஞானாக்கும். எனக்குப் போதும்."

அவளுக்குப் போதும். எனக்குப் போதாது.

மலர் போட்டவர்கள் இதை வாசித்தால், அல்லது யாரையாவது வைத்து வாசிக்கச் சொன்னால், கேட்டுக்கொள்ளட்டும். அடுத்த பதிப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: முதலில் புகார் கொடுத்தவர், பூட்டப்போகும் வாசலில் நின்று அதிகாரியை எச்சரித்தவர், செம்பு அண்டா வைத்த ஹோட்டல்காரர். என் பேரைப் போட வேண்டாம். அண்டா என்றாலே பஜாரில் யாரும் வழி காட்டுவார்கள். ஆனால் அந்த வரி இன்ஸ்பெக்டருக்கு மேலே வர வேண்டும். என் புகார் முந்தி. அவர் வயிறு பிந்தி.